டோரோ ஆற்றுப் பயணம்: படகுக்கு இரண்டரை நட்சத்திரம், ரயிலுக்கு ஐந்து

"நாங்கள் ஒயின் குடிக்க மாட்டோம், டோரோ பள்ளத்தாக்குக்குப் போனால் ஒரு நாள் வீண்தானே?" போர்ச்சுகல் போகத் திட்டம் போடும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீண் இல்லை. என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, ஒயின் வாசனையே ஆகாது, அவர்தான் அந்த இரண்டு நாளைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் எதில் போகிறீர்கள், எதுவரைக்கும் போகிறீர்கள், எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாங்கள் முதல் நாள் தவறாகத் தேர்ந்தெடுத்தோம், மறுநாள் சரி செய்துகொண்டோம். அக்டோபர் நடுவில் போனது, அறுவடை முடிந்து கொடிகளில் இலை நிறம் மாறிக்கொண்டிருந்த நேரம்.

முதல் நாள் படகு. காலையில் போர்ட்டோவில் ஏற்றி, ஆற்றை எதிர்த்துப் போய் ரேகுவா என்கிற ஊரில் இறக்கி, மாலை ரயிலில் திரும்ப அனுப்பிவிடுகிற ஒரு நாள் பேக்கேஜ். காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு நூறு யூரோவை ஒட்டி வந்தது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, குறை அந்தக் கம்பெனியோடு முடிகிற ஒன்று இல்லை, அந்த வழித்தடத்திலேயே இருக்கிறது.

விளம்பரத்தில் என்ன படம் போட்டிருந்தார்கள் என்றால், மலை முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், கீழே வளைந்து போகும் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் பின்யாவ். அந்தக் கோணம், பின்யாவுக்கு மேலே கசால் டி லொய்வோஸ் என்ற கிராமத்தில் இருக்கும் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கிடைப்பது. எங்கள் படகு பின்யாவுக்குப் போகவே இல்லை. ரேகுவாவோடு நின்றுவிட்டது. இதை டிக்கெட் வாங்கும்போது கவனிக்காதது என் தவறுதான், ஆனாலும் போகாத ஊரின் படத்தைப் போட்டு விற்பது சரியில்லை. போர்ட்டோவிலிருந்து ரேகுவா வரையிலான ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில், டோரோ ஒயின் பகுதி என்று எல்லை வகுத்த நிலத்துக்குள் படகு இருப்பது கடைசி ஒரு மணி நேரம்தான். பார்கேய்ரோஸ் என்ற ஊரை ஒட்டித்தான் அந்த எல்லையே ஆரம்பிக்கிறது. அதற்குள் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்துத் தூங்கிப்போயிருந்தார்கள்.

அதற்காக முதல் ஆறு மணி நேரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. மைக்கைப் பிடித்திருந்த வழிகாட்டி போர்ட் ஒயினில் எத்தனை வகை, எந்த வகைக்கு எந்தச் சீஸ் என்று நான்கு மொழிகளில் மாற்றி மாற்றிச் சொன்னார். கரையில் நிற்கிற மரம் என்ன, அந்த மலைக்குப் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. நான் போய்க் கேட்டபோது அன்பாகத்தான் பேசினார், ஆனால் அவருக்கும் தெரியவில்லை.

அம்மா கண்டுபிடித்துவிட்டார். "இது தைலமரம்டா, அதோ அந்தச் சரிவு முழுக்க அதுதான்." உண்மைதான். போர்ட்டோவைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டு கரையிலும் தைலமரமும் பைனும் மாறி மாறி வருகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம், காகிதக் கூழுக்காக நட்டு நட்டு இன்று போர்ச்சுகல் காடுகளில் அதிகப் பரப்பில் நிற்பது அதுதான். கோடையில் தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும், அதனால் அங்கே அதைப் பற்றி ஓயாத சண்டை. இந்தக் கீழ்ப்பகுதியில் மழைக்குக் குறைவில்லை. அட்லாண்டிக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, மண் கிரானைட் பாறையிலிருந்து வந்தது, கரை முழுக்கப் பச்சை. வீட்டுச் சுவர், தோட்டச் சுவர், படித்துறை எல்லாம் சாம்பல் நிற கிரானைட். இங்கேயும் திராட்சை உண்டு, ஆனால் பந்தல் போட்டு உயரத்தில் படர விட்டிருப்பார்கள், கீழே காய்கறிப் பாத்தி இருக்கும். அது வின்யோ வெர்டே என்ற வேறு ஒயினின் நாடு. ஈரம் அதிகம் என்பதால் கொடியை மண்ணிலிருந்து தூக்கிக் கட்டுகிறார்கள். மேலே போகப் போக இதே கொடி முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். அந்த ஒரு மாற்றத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்த மாதிரி.

படகில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கரபடேலோ அணை. ஆற்றை மறித்து அணை கட்டியிருப்பதால் படகு மேலே போக, அணையின் ஓரத்தில் ஒரு நீண்ட தொட்டி மாதிரி கட்டியிருக்கிறார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு மூடிக்கொள்ளும், அடியிலிருந்து தண்ணீர் விடுவார்கள், படகு தானாக உயரும். இங்கே உயரம் 35 மீட்டர், ஐரோப்பாவிலேயே இவ்வளவு உயரம் தூக்கும் தொட்டிகள் சிலதான். உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று குறைந்து குளிர் அடித்தது. இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் கான்கிரீட் சுவர், பாசி பிடித்து, நீர் வழிந்துகொண்டு. மேலே ஒரு கீற்று வானம். தண்ணீர் ஏற ஏற, சுவரில் வரைந்திருந்த அளவுகோடுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. அதுவரை பேசிக்கொண்டிருந்த மேல்தளம் முழுக்க அமைதி. ஒரு கட்டத்தில் தலைக்கு மேல் இருந்த விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தது, அடுத்த நிமிடம் மறுபடி வெயில், மலை, அகலமான நீர்ப்பரப்பு. அம்மா சுவரைத் தொட்ட ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "ஆத்துக்குள்ள ஒரு மாடி ஏறிட்டோம்" என்றார்.

போர்ச்சுகலுக்குள் இப்படி ஐந்து அணைகள். 1971க்கும் 1985க்கும் நடுவில் வரிசையாகக் கட்டியவை: கரபடேலோ, ரேகுவா, வலெய்ரா, பொசீன்யோ, கடலுக்குப் பக்கத்தில் கிரெஷ்துமா. அதாவது இன்று நீங்கள் பார்க்கும் டோரோ, ஓடுகிற ஆறு என்பதைவிட ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஐந்து ஏரிகள். ஸ்பெயினில் சோரியா பக்கம் உர்பியோன் சிகரங்களில் பிறந்து, அங்கே துவேரோ என்று பெயர் வாங்கி, மொத்தம் 897 கிலோமீட்டர் ஓடி போர்ட்டோவில் கடலில் சேர்கிற ஆறு. எல்லையோரம் அது மலையை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தில் விழுந்து வரும். அந்தக் காலத்தில் ரபெலோ என்ற, அடிப்பாகம் தட்டையான படகில், நீண்ட பின்துடுப்பை வைத்துக்கொண்டு, ஒயின் பீப்பாய்களை ஏற்றிப் பாறைக்கும் சுழலுக்கும் நடுவில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். திரும்பும்போது கரையிலிருந்து காளைகளைப் பூட்டி இழுத்திருக்கிறார்கள். இன்று போர்ட்டோ எதிர்க்கரையில் கட்டிவைத்திருக்கும் ரபெலோ படகுகளைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுக்கிறோம், ஆனால் அந்தப் படகு ஏன் அப்படி ஒரு வடிவம் என்பதை அந்தப் பழைய ஆற்றை மனதில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். இதையெல்லாம் படகிலேயே சொல்லியிருக்கலாம்.

சாப்பாடு பரவாயில்லை. சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தும் அம்மாவுக்கு வந்தது வேகவைத்த உருளைக்கிழங்கும் இலைகளும் மட்டும். மேல்தளத்தில் நிழல் கிடையாது, நாற்காலி எண்ணிக்கை குறைவு. முதலில் ஓடுகிறவர்களுக்குத்தான் இடம். இதற்கு மேல் படகைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் போர்ட்டோவிலிருந்து நாங்களாகவே ரயில் ஏறினோம். டோரோ பாதை, கடைசி நிலையம் பொசீன்யோ, சுமார் மூன்றரை மணி நேரம். ஒரு வழிக்கு இருபது யூரோவுக்குள்தான். படகுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் மனசு அடித்துக்கொண்டது. வண்டி சாதாரண வண்டிதான், பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போய் வருகிறவர்களும் ஏறி இறங்குகிறார்கள். எங்களுக்கு வாய்த்த பெட்டியில் ஜன்னலைத் திறக்க முடிந்தது. எல்லா வண்டியிலும் அப்படி இருக்காது, ஆனால் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறே தெரியாது, புறநகர், குடியிருப்பு, தோட்டம், சுரங்கம் என்று போகும், தூங்கலாம். பாலா என்ற நிலையத்தை நெருங்கும்போது வண்டி ஒரு வளைவில் இறங்கி ஆற்றின் வடகரையைப் பிடிக்கும். அங்கிருந்து விடவே விடாது. படகில் போகும்போது நீங்கள் தண்ணீரின் நடுவில் இருக்கிறீர்கள், இரண்டு கரையும் தள்ளியே தெரியும். ரயிலிலோ ஒரு பக்கம் ஆறு கைக்கெட்டும் தூரத்தில், இன்னொரு பக்கம் வெட்டிய பாறை ஜன்னலை உரசுகிற மாதிரி. பாறை மாறுவது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக வந்துகொண்டிருந்த கிரானைட் ரேகுவாவுக்கு முன்பே எங்கோ முடிந்து, அதன் இடத்தில் பழுப்பும் துருவும் கலந்த, ஏடு ஏடாகப் பிரிகிற ஷிஸ்ட் பாறை வந்துவிட்டது. பழைய புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தி வைத்தது போல இருக்கும்.

இந்தப் பாறைதான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, அழுத்தத்தில் இறுகி, மடிந்து, நிமிர்ந்து நிற்கிறது. ஏடுகள் நிமிர்ந்து நிற்பதால் மழைநீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், அதைத் தேடிக்கொண்டு கொடியின் வேரும் பல மீட்டர் ஆழம் போகும். பழைய தோட்டங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பாசனமே கிடையாது, அந்த வேர்தான் கோடை முழுக்கக் காப்பாற்றுகிறது. 1756இல் போர்ச்சுகல் மன்னரின் அமைச்சராக இருந்த பொம்பால் பிரபு இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்து, அதற்கு அடையாளமாகக் கிரானைட் தூண்களை நட வைத்தார். உலகில் சட்டம் போட்டு எல்லை வகுத்த மிகப் பழைய ஒயின் பகுதிகளில் இது ஒன்று. வரைபடத்தில் பார்த்தால் அந்த எல்லை பெரும்பாலும் ஷிஸ்ட் முடிந்து கிரானைட் தொடங்கும் கோட்டை ஒட்டியே போகும். பாறை வகைகளைக் காட்டும் வரைபடம் எதுவும் இல்லாத காலத்தில், எந்த மண்ணில் எந்தப் பழம் நன்றாக வரும் என்ற அனுபவத்தை வைத்தே கோடு போட்டிருக்கிறார்கள்.

மழைக்கு வருகிறேன். ரேகுவாவுக்கு மேற்கே, வடக்கில் மராவ் மலை, 1,400 மீட்டருக்குச் சற்று மேல். தெற்கில் மோன்டேமூரோ, அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் இந்த இரண்டு மலையிலும் மோதி மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதுதான், ஆனால் இங்கே அதை ஜன்னல் வழியாக மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஒயின் பகுதியை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: ரேகுவாவைச் சுற்றிக் கீழ் கோர்கோ, பின்யாவை மையமாக வைத்து மேல் கோர்கோ, அதற்கும் கிழக்கே ஸ்பெயின் எல்லை வரை மேல் டோரோ. கிழக்குக் கோடியில் ஆண்டு மழை 400 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, மேற்குக் கோடியில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கோடையில் கிழக்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த மலைநாட்டு மக்களே சொல்வார்கள்.

ரேகுவாவைத் தாண்டியதும் கோர்கோ ஆற்றின் பாலம். அப்புறம்தான் அந்த விளம்பரப் படத்தின் நாடு ஆரம்பிக்கிறது. 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த நிலத்தைத்தான். எதிர்க்கரையில் மலை அடியிலிருந்து உச்சி வரை படி. எல்லாப் படியும் ஒரே மாதிரி இல்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம். கல்சுவர் வைத்துக் கட்டிய குறுகலான படிகள் பழையவை, ஒரு படியில் ஒன்று அல்லது இரண்டு வரிசைக் கொடிதான் இருக்கும். சுவரே இல்லாமல் மண்சரிவாக விட்டு அகலமாக வெட்டியவை 1970களுக்குப் பிறகு புல்டோசர் போட்டவை. அப்புறம் சில சரிவுகளில் படியே இல்லாமல் கொடி வரிசை மேலிருந்து கீழாக நேராக இறங்கும். பழைய சுவர்களில் சாந்து கிடையாது. பாறையை உடைத்து, பெரிய துண்டுகளைச் சுவராக அடுக்கி, சிறு துண்டுகளையும் தூளையும் பின்னால் கொட்டி, அதுதான் மண் என்று கொடி நட்டிருக்கிறார்கள். ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த கூலியாட்களின் கை அதில் நிறைய இருக்கிறது. அம்மா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டா, இவ்வளவும் ஆள் கையால அடுக்கினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர் போனைத் தொடவே இல்லை.

நடு நடுவே சில சரிவுகளில் படிச்சுவர் மட்டும் இடிந்து கிடக்கும், கொடி இருக்காது, புதரும் ஆலிவும் மூடியிருக்கும். அவற்றுக்கு மோர்டோரியோ என்று பெயர், செத்துப்போன தோட்டம் என்ற பொருளில். 1860களில் ஃபிலாக்சரா என்ற பூச்சி வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தபோது கைவிட்டுப் போனவை. பிறகு அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக அந்தச் சுவர்கள் காட்டுக்குள் நிற்கின்றன. நட்ட நிலத்துக்கும் விட்ட நிலத்துக்கும் நடுவில் காடு எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் போனதன் பலன் இலை நிறம். ஒரே சரிவில் ஒரு கட்டம் மஞ்சள், ஒரு கட்டம் செம்பு, ஒரு கட்டம் கருஞ்சிவப்பு. ஒவ்வொரு ரகமும் தன் போக்கில் நிறம் மாறுகிறது. சில பழைய தோட்டங்களில் கட்டம் கட்டமாக இல்லாமல் கொடிக்குக் கொடி நிறம் மாறி இருந்தது. இருபது முப்பது ரகங்களை ஒரே தோட்டத்தில் கலந்து நடுவது பழைய பழக்கம், எது பொய்த்தாலும் ஏதாவது கைகொடுக்கும் என்பதற்காக. ஒயினைச் சுவைக்காமலேயே அதைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

பின்யாவ் நிலையத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும். சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஓடுகள், 1937இல் பதித்த 24 ஓவியங்கள், அறுவடை, கூடை தூக்கும் பெண்கள், பழைய ஆறு, ரபெலோ. சுற்றுலாக் கூட்டம் முக்கால்வாசி இங்கே இறங்கிவிட்டது. நீங்கள் இறங்காதீர்கள். இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். பின்யாவோடு திரும்பினால் தோட்டத்தை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். தோட்டம் போடுவதற்கு முன்னால் அந்த நிலம் எப்படி இருந்தது என்பது இதற்கு அப்பால்தான் தெரியும்.

துவா ஆறு சேரும் இடத்தைத் தாண்டினால் பெட்டியில் பத்துப் பேர்கூட இல்லை. துவாவில் கொஞ்சம் உள்ளே தள்ளி 2017இல் முடித்த புதிய அணை, அந்த ஆற்றோரம் ஓடிய பழைய குறும்பாதை ரயிலின் ஒரு பகுதி அதன் நீருக்கடியில் போய்விட்டது. அதைக் கடந்து போகும்போது வருத்தமாகத்தான் இருந்தது. இதற்கப்புறம் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். நீண்ட தூரத்துக்கு ஆற்றங்கரையில் ரோடே கிடையாது, தண்டவாளம் மட்டும்தான். வலெய்ரா பள்ளம் என்று ஓர் இடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஆற்றை அடைத்திருந்த பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வரை படகு இதற்கு மேல் போக முடியாது. தகர்த்த பிறகும் சுழல் அடங்கவில்லை. டோரோவின் விரிவான வரைபடத்தை வரைந்து வெளியிட்ட பாரன் ஃபாரஸ்டர் 1861இல் இங்கேதான் படகு கவிழ்ந்து இறந்தார். அதே படகில் இருந்த, டோரோவின் பெரிய தோட்டக்காரரான டோனா அன்டோனியா ஃபெர்ரேரா என்ற பெண்மணி பிழைத்துக்கொண்டார், அவருடைய குடை போல விரிந்த பாவாடை மிதக்க வைத்தது என்று சொல்வார்கள். இப்போது அணை நீர் அந்தச் சுழலை மூடி, கண்ணாடி மாதிரி கிடக்கிறது.

அணையைத் தாண்டியதும் ஃபெர்ரடோசா பாலத்தில் வண்டி தென்கரைக்கு மாறும். உடனே எழுந்து இடது பக்கம் போய் உட்காருங்கள், ஆறு இனி அந்தப் பக்கம்தான். வர்ஜெலாஸ், வெசூவியோ என்று சில நிலையங்கள், ஒவ்வொன்றும் ஒரு பெரிய தோட்டத்தின் வாசலில். ஊரே இருக்காது, ஒரு வெள்ளை வீடு, சில பனைகளோ ஆரஞ்சு மரங்களோ, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் வெறும் மலை. தைலமரம் போன இடம் தெரியவில்லை. பைனும் இல்லை. பாறைக்கு நடுவே தழைந்த ஆலிவ், பாதாம், வறண்ட சரிவுகளில் முள்ளிலை ஓக், தக்கை ஓக், நிமிர்ந்த ஜூனிப்பர். நிலத்தைப் பூவையும் மரத்தையும் வைத்துத் திணையாகப் பிரித்துப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும்: காலையில் ஒரு திணையில் ஏறி, மதியம் வேறு திணையில் இறங்குகிறோம், நடுவில் மாறியது பாறையும் மழையும்தான்.

ஜன்னலைத் திறக்கச் சொன்னதற்குக் காரணம் இங்கேதான். வெசூவியோவுக்கு முன்னால் திடீரென்று பெட்டிக்குள் ஒரு வாசனை. பிசின், கொஞ்சம் தேன், கொஞ்சம் சாம்பிராணி. அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் என்னவென்று தெரியவில்லை.

பொசீன்யோவில் இறங்கிய பிறகு தெரிந்தது. தண்டவாளம் இதற்கு மேலும் ஸ்பெயின் எல்லையில் பார்கா டால்வா வரை போகிறது, ஆனால் 1988இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள், புல் முளைத்துக் கிடக்கிறது. திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்ததால் நிலையத்துக்குப் பின்னால் மேலேறும் பாதையில் மெதுவாக நடந்தோம். பாதையோரம் இடுப்பளவுப் புதர், நீளமான கரும்பச்சை இலை, வெயிலில் எண்ணெய் தடவியது போல மின்னியது. ஓர் இலையைப் பிடித்தேன், விரலோடு ஒட்டிக்கொண்டது. அதே வாசனை. எஷ்தேவா என்பது அங்கே அதன் பெயர். வாசனைத் திரவியத்தில் சேர்க்கிற லாப்டனம் என்ற பிசின் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். வெயிலில் இலை நீரை இழக்காமல் இருக்கப் பிசினைப் பூசிக்கொள்கிறது. வசந்தத்தில் உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பூ வரும், நாங்கள் போனபோது காய்ந்த காய்கள்தான். இந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயினைச் சுவைப்பவர்கள் அதில் எஷ்தேவா வாசனை வருகிறது என்பார்கள். நான் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது, ஆனால் விரலில் ஒட்டிய அந்தப் பிசின் இரவு போர்ட்டோவில் சோப்புப் போட்டும் முழுதாகப் போகவில்லை.

பாதையோரத்தில் ஒரு பழைய படிச்சுவர். அம்மா கால் வலிக்கிறது என்று அதன்மேல் உட்காரப் போய்க் கையை ஊன்றியவர் வெடுக்கென்று எடுத்துவிட்டார். அக்டோபர் மதியம், காற்று இதமாகத்தான் இருந்தது, ஆனால் கல் தோசைக்கல் மாதிரி சுட்டது. நானும் தொட்டுப் பார்த்தேன். ஏடுகளுக்கு நடுவில் விரல் நுழைகிற இடைவெளி, அதற்குள் ஒரு கொடியின் வேர் பென்சில் தடிமனில் உள்ளே போய்க்கொண்டிருந்தது, வெளியே மண் என்று ஒரு பிடிகூட இல்லை. சுவருக்கு மேலே முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற கொடி அதுதான். காலையில் பந்தலில் பார்த்த கொடியும் இதுவும் ஒரே இனம் என்று சொன்னால் அம்மா நம்பவில்லை, இலையைப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

நேரம் இருந்தால் பொசீன்யோவிலிருந்து டாக்சி பிடித்து மேலே விலா நோவா டி ஃபோஷ் கோஆ ஊருக்குப் போகலாம். கோஆ ஆற்றுப் பாறைகளில் கற்கால மனிதர்கள் செதுக்கிய குதிரைகளும் காட்டு மாடுகளும் இருக்கின்றன, அதே ஷிஸ்ட் பாறையில். அங்கே கட்டிக்கொண்டிருந்த அணையை 1995இல் நிறுத்தி அவற்றைக் காப்பாற்றினார்கள், 1998இல் யுனெஸ்கோ பட்டியல். எங்களுக்கு நேரம் போதவில்லை. ஒரு இரவு தங்கியிருக்க வேண்டும்.

சில விஷயங்கள் மட்டும். ஜூலை, ஆகஸ்டில் வயதானவர்களை அழைத்துக்கொண்டு பொசீன்யோ போகாதீர்கள், அந்த வெயில் ஆகாது. அக்டோபர் இலைக்கு, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பாதாம் பூவுக்கு, ஏப்ரல், மே எஷ்தேவா பூவுக்கு. செப்டம்பரில் அறுவடை, கூட்டமும் அதிகம். பொசீன்யோவில் கடை கண்ணி அதிகம் கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் போர்ட்டோவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் கண்டிப்பாக. நாளுக்குச் சில வண்டிகள்தான், திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல் நடக்கப் போகாதீர்கள். பாதையில் அவ்வப்போது பராமரிப்பு வேலை நடக்கும், அப்போது நடுவில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். படகு ஆசை விடாது என்றால் பின்யாவில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் மட்டும் ஓடுகிற சின்னப் படகில் போங்கள். அணைத் தொட்டியில் ஏறும் அனுபவம் அதில் கிடைக்காது, அது வேண்டும் என்பவர்கள் மட்டும் ஏழு மணி நேரப் படகுக்குப் பணம் கொடுக்கலாம்.

திரும்பும்போது ஃபெர்ரடோசா பாலம் வரை வலது பக்கம், அதற்குப் பிறகு இடது பக்கம். மாலை வெயில் நேராக மேற்கிலிருந்து வரும், கண் கூசும், ஆனாலும் மாறி உட்காராதீர்கள். அந்த வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் ஒவ்வொரு படிச்சுவருக்கும் கீழே ஒரு கோடு நிழல் விழுந்து, காலையில் எண்ண முடியாத படிகளை எண்ண முடிகிறது. அம்மா ஒரு மலையில் எழுபத்திரண்டு வரை எண்ணினார், அதற்குள் வண்டி சுரங்கத்துக்குள் போய்விட்டது.